ஆம்பூர் உப்பும் வாயலூர்க் கடலும்

திருப்பத்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஏலகிரி மலை உச்சியில் ஏறி நின்றாலும் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும், ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பின் ஊறல் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீருக்கும், செங்கல்பட்டு மாவட்டம் வாயலூரை ஒட்டிய முகத்துவாரத்தில் வலை வீசும் மீனவரின் பிழைப்புக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பின் பெயர் பாலாறு.

கடலைக் காப்பது கடலோர மக்களின் வேலை என்று உள்நாட்டு விவசாயிகள் எண்ணுவது இயல்பே. ஆனால் கடலில் சேரும் மாசில் பெரும்பகுதி கப்பல்களிலிருந்து விழுவதல்ல. நிலத்திலிருந்து ஆறுகளும் ஓடைகளும் கொண்டு போய்ச் சேர்ப்பது. ஆகவே வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் தங்கள் கிணற்றையும் வயலையும் காக்க விவசாயிகள் நடத்தி வந்த போராட்டம், அவர்கள் அறிந்தோ அறியாமலோ, கடலுக்கான போராட்டமாகவும் இருந்திருக்கிறது.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, 348 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. இதில் 93 கிலோமீட்டர் கர்நாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், மீதி 222 கிலோமீட்டர் தமிழகத்திலும் உள்ளது. புல்லூர் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று சென்று வாயலூரில் கடலை அடைகிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மேலே வெறும் மணல்தான். மணலுக்கு அடியில் ஊற்றாக நீர் நகர்கிறது. கரையோரக் கிணறுகள் எல்லாம் இந்த ஊற்றை நம்பியவை. மேலே ஓடாத ஆறு மாசைச் சுமக்காது என்று நினைப்பது தவறு. ஓடாத ஆறு மாசைச் சேர்த்து வைக்கிறது. வெள்ளம் வரும் ஆண்டில் அதை மொத்தமாகக் கொண்டு போகிறது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனபோது, பல ஆண்டுகளாக ஆற்றுப் படுகையிலும் ஓடைகளிலும் தேங்கியிருந்தவற்றில் ஒரு பகுதி சில நாட்களில் கடலுக்குப் போய்விட்டது.

உப்பு வந்த வழி

தோல் தொழிலின் மாசு என்றவுடன் எல்லாரும் குரோமியத்தைத்தான் பேசுகிறார்கள். அது பேச வேண்டிய விஷயமே. ஆனால் வட ஆற்காட்டு நிலங்களை அதிகமாகக் கெடுத்தது நாம் சோற்றில் போடும் சாதாரண உப்புதான்.

ஆட்டையோ மாட்டையோ உரித்த சில மணி நேரத்தில் தோல் அழுகத் தொடங்கும். அழுகாமல் இருக்க அதன் எடையில் 30 முதல் 40 சதம் வரை உப்பைத் தூவி அடுக்குகிறார்கள். தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை இந்த உப்பைக் கழுவுவது. தோலைத் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். அந்த ஊறல் நீரில் லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கும் மேல் கரைந்த உப்பு இருப்பது சாதாரணம். ஏறக்குறைய கடல் நீரின் உப்பு அளவு இது. கடற்கரை உப்பளத்தில் விளைந்த உப்பு லாரி ஏறி உள்நாட்டுக்கு வந்து, தோலில் ஒட்டி, கரைந்து, ஆம்பூர் மண்ணில் இறங்குகிறது. கடலை எட்டாத ஊரில் கடல் நீரைக் கிணற்றில் இறக்கியதற்கு ஒப்பானது இது.

சுத்திகரிப்பு நிலையங்கள் நெடுங்காலம் தடுமாறியதும் இந்த உப்பிடம்தான். அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். குரோமியத்தைச் சுண்ணாம்போ மெக்னீசியம் ஆக்சைடோ போட்டு அடியில் படிய வைக்கலாம். உப்பு படியாது, மட்காது, ஆவியாகாது. எந்தத் தொட்டியில் விட்டாலும் மறுபுறம் அப்படியே வெளியே வரும்.

ஆற்றில் விடும் கழிவு நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த வரம்புக்கு உட்பட்ட தண்ணீரையே ஒரு விவசாயி பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதில் இருக்கும் உப்பு 420 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் எட்டு மூட்டைக்கு மேல். ஒரு பயிருக்குப் பத்துத் தடவை பாய்ச்சினால் 4 டன்னுக்கு மேல் உப்பு அந்த ஏக்கரில் விழுகிறது. எந்த விவசாயியும் காசு கொடுத்து 4 டன் உப்பு வாங்கி வயலில் கொட்டமாட்டார். தண்ணீரோடு வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை; அவ்வளவுதான் வேறுபாடு. நல்ல மழை பெய்து கழுவினால் ஓரளவு இறங்கும். இறங்கியது நிலத்தடி நீருக்குப் போகும்; அதையே மறுபடி மோட்டார் போட்டு ஏற்றுவோம்.

ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

இந்தத் தொழில் இப்பகுதிக்குப் புதிதல்ல. முன்பு ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். பட்டை உரித்து விற்பது புன்செய் நிலத்துக் குடும்பங்களுக்கு ஒரு கைவருமானமாகவும் இருந்தது. அப்போதும் உப்பு இருந்தது, நாற்றம் இருந்தது. ஆனால் தொழிலின் அளவு வேறு. 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் வந்தன. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் வெளிநாடு போக வேண்டும் என்பது அரசின் நோக்கம். அந்நியச் செலாவணி வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை கிடைத்தது. கூடவே குரோமியப் பதனிடுதலும் பரவியது. பட்டையில் பல வாரம் பிடித்த வேலை குரோமிய உப்பில் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

பழைய முறையில் தோலுக்குள் ஏறும் குரோமியம் போட்டதில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதி கழிவில் போகும். கழிவு நீரில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம். இது எளிதில் கரையாமல் சேற்றோடு ஒட்டிக்கொண்டு ஓடைப் படுகையில் தங்கும். ஆறு இணைதிறன் குரோமியம் வேறு ரகம். அது தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். தோல் துண்டுகளையும் சீவல்களையும் வயலோரத்தில் போட்டு எரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சாதுவான முதல் ரகத்தை நெருப்பு இரண்டாம் ரகமாக மாற்றிவிடக்கூடும் என்பதால் இதை அடியோடு நிறுத்த வேண்டும். அந்தச் சாம்பலை எருக்குழியில் சேர்ப்பது அதைவிடக் கெடுதல்.

கடல்தான் உப்பாயிற்றே?

"உப்புத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கடலில் விட்டுவிட்டால் என்ன? கடலே உப்புதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தோல், சாயத் தொழில்கள் இருக்கும் ஊர்களில் இந்த யோசனை அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வெறும் உப்பு மட்டும் என்றால் ஆழ்கடலுக்கு அது பெரிய பாரமல்ல.

ஆனால் தோல் கழிவில் உப்பு தனியே வருவதில்லை. மயிர் நீக்கப் போட்ட சல்பைடு, சுண்ணாம்பு நீக்கப் போட்ட அம்மோனியம் உப்புகள், கரைந்த புரதம், கொழுப்பு, சாயம், குரோமியம் எல்லாம் கூடவே வருகின்றன. அழுகும் பொருள் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். சல்பைடும் அம்மோனியாவும் மீன் குஞ்சுக்கு நேரடி விஷம். ஆறு கொண்டுபோகும் கழிவு ஆழ்கடலில் போய் விழுவதுமில்லை. முகத்துவாரத்திலும் அதை ஒட்டிய கழிகளிலும்தான் முதலில் தங்குகிறது.

கடலின் நாற்றங்கால் என்று முகத்துவாரத்தைச் சொல்லலாம். நெல் விவசாயிக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்துக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாயும் வாழ்வின் ஒரு பகுதியை இங்கேதான் கழிக்கின்றன. நாற்றங்கால் கருகினால் நடவு வயலில் என்ன கிடைக்கும்? செங்கல்பட்டுக் கடற்கரைக் கழிகளில் கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. படகு வைத்திருப்பவர் கொஞ்சம் தள்ளிப் போய் மீன் பிடிப்பார். இவர்களுக்குத் தள்ளிப் போக இடமில்லை.

நன்னீர் வராமல் போவதும் முகத்துவாரத்துக்கு ஒரு நோயே. ஆற்றோட்டம் இருந்தால்தான் மணல் திட்டு உடைந்து வாய் திறந்திருக்கும். ஓட்டம் நின்றால் வாய் தூர்ந்துவிடும். குஞ்சு உள்ளே வர வழி இருக்காது. கடல் நீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். வாயலூர் அருகே ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்ட வேண்டி வந்ததற்கு இந்த உவர் ஏற்றமும் ஒரு காரணம். பாலாற்றில் இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கின்றன. மேலே அணைகள், மணல் அள்ளுதல், ஆழ்குழாய்க் கிணறுகள் ஆகியவற்றால் நன்னீர் குறைந்தது. குறைந்த நீரில் அதே மாசு கலந்தால் அடர்த்தி கூடும்.

கடல் பெரியது, எதையும் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் பொய்த்தது. ஓர் இரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு கரைந்து மறையவில்லை. சிப்பியிலும் மீனிலும் சேர்ந்து, மீன் தின்ற மக்களின் நரம்பைத் தாக்கியது. 1956இல் நோய் அடையாளம் காணப்பட்டது. கழிவு விடுவது 1968இல்தான் நின்றது. பாலாற்றில் இருப்பது பாதரசம் அல்ல. குரோமியம் அப்படி மீனில் பெருகிச் சேர்வதும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துவது சரியல்ல. அறிந்த பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்களே, அதுதான் இங்கே பொருந்துகிறது.

1991 முதல் 2025 வரை

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பெரிய கட்சியோ வெளிநாட்டுப் பணமோ பின்னால் இல்லாத ஓர் உள்ளூர் அமைப்பு அது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருக்கிறது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கு அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும். கேடு நிச்சயம் என்று நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். இவை இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இன்று இந்தியாவில் எந்த ஊரில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் இந்த வேலூர்த் தீர்ப்பைப் படிக்காமல் வாதாட முடியாது. கடற்கரைகளைப் பற்றிய வழக்குகளும் இதற்கு விலக்கல்ல.

தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் ஒரு முடிவு சொன்னது. சுமார் 15,000 எக்டேர் நிலம் பாதிக்கப்பட்டது, 29,193 பேருக்கு இழப்பீடு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது. எக்டேருக்குச் சராசரியாகப் பார்த்தால் இது 18,000 ரூபாய்கூட வராது. பல ஆண்டு விளைச்சலை இழந்தவருக்கு இது போதுமா என்பதை விவசாயிகளே சொல்வார்கள். அதுவும் எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. விஷயம் மறுபடி மறுபடி நீதிமன்றம் ஏறி, 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. நிலுவை இழப்பீட்டை மாநில அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய உத்தரவுகள். வழக்குத் தொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டைப் பகுதிகளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பின்னர், கழிவு நீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற முறைக்கு அவை மாற்றப்பட்டன. சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்துத் தொழிலுக்கே திருப்புகிறார்கள். மீந்த உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். பழைய நிலைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் செலவு அதிகம். மின்சாரமும் விறகும் தின்கிற முறை. செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர் மழை நாள் இரவில் ஓடையில் திறந்துவிடுவார். மழைக்காலத்தில் ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றில் நுரை மிதக்கும் செய்தி அவ்வப்போது வருவதற்குக் காரணம் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை.

காய்ச்சி எடுத்த உப்பு எங்கே போகிறது என்பது இன்னொரு தொல்லை. பல உப்புகள் கலந்த அந்த அழுக்கு உப்பை வாங்க ஆளில்லை. கொட்டகைகளில் மூட்டையாகக் கிடக்கிறது. ஆகவே மிகச் சிறந்த வழி, உப்பைத் தண்ணீரில் கரைய விடாமலே இருப்பதுதான். தோலை ஊற வைக்கும் முன் சட்டத்தின் மீதோ உருளையிலோ போட்டுத் தட்டி உதிர்த்தால் ஒரு பகுதி உப்பு உலர்ந்தபடியே கிடைத்துவிடும். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உப்புக் குறைத்துப் பதப்படுத்தும் முறைகளையும், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. இறைச்சிக் கூடத்திலிருந்து தோலைக் குளிர்பதன வண்டியில் அன்றைக்கே கொண்டுவந்தால் உப்பே வேண்டாம். தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விவசாயத்தின் பங்கு

தோல் ஷாப்புகளைக் குறை சொல்லும்போது வயலிலிருந்து போவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நெல்லுக்கு இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது 30 முதல் 40 சதமே. மீதி காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. தண்ணீரில் போனது ஏரியில் பாசியாகவும் ஆகாயத் தாமரையாகவும் முளைக்கும். ஆற்றில் ஓடினால் கடலில் பாசியாக முளைக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு மக்காச்சோள வயல்களின் உரத்தைச் சுமந்துபோய் மெக்சிகோ வளைகுடாவில் கொட்டுகிறது. அங்கே ஒவ்வொரு கோடையிலும் பாசி மடிந்து அழுகி, அடி நீரில் பிராணவாயு அற்ற பெரும் பரப்பு உண்டாகிறது. 2017இல் அது 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து இடுவதும், இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவதும், உரமிட்ட பின் இரண்டு நாட்கள் வயலிலிருந்து நீர் வடியாமல் மடையை அடைப்பதும் செலவையும் குறைக்கும், கடலுக்குப் போவதையும் குறைக்கும். மருந்து அடித்த கைத்தெளிப்பானை ஓடையில் கழுவும் பழக்கத்தை விட வேண்டும்.

கடலோர மக்களின் கட்டுப்பாடுகளையும் இங்கே சொல்வது பொருந்தும். இப்போது இந்த மாவட்டத்திலும் பல விவசாயிகள் நிலக்கடலை, தக்காளி, நெல் முதலியவற்றுக்குக் கடற்பாசிச் சாறு தெளிக்கிறார்கள். கடற்பாசி எடுத்தலும் வளர்த்தலும் மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்களின் தொழில். மன்னார் வளைகுடாவில் இயற்கையாக வளரும் மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகியவற்றை எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசிக்குப் போவது, உலோகச் சுரண்டியால் பவளப்பாறையைச் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மீதி நாட்களில் பாசி மறுபடி தழைக்கிறது. கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. இது அரசின் தடை. நிலத்தைத் தரிசு போடுவது போலக் கடலையும் ஓய விடுவது இது. கீழே இருப்பவர்கள் இவ்வளவு விட்டுக்கொடுத்து வளர்ப்பதை மேலிருந்து வரும் ஒரு வெள்ளம் கெடுத்துவிட முடியும்.

மேட்டுப் பகுதியிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. வேலூர் மாவட்டத்தில் நாகநதிப் படுகையில் கிராமப் பெண்கள் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் உறிஞ்சு கிணறுகளும் சிறு தடுப்புகளும் கட்டினார்கள். வறண்டு கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஏறியது. நல்ல நீர் நிலத்தடியில் கூடினால் உப்பின் அடர்த்தி தானே தணியும். ஆனால் கழிவு வரும் ஓடையில் உறிஞ்சு கிணறு தோண்டுவது மாசை நேரே ஊற்றில் இறக்குவதாகும். முதலில் ஓடைத் தண்ணீரைச் சோதித்த பின்பே இடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கெட்ட நிலத்தைத் திருத்துதல்

தோல் கழிவால் கெட்ட நிலம் உவர் நிலமா, களர் நிலமா என்று முதலில் தெரிய வேண்டும். மேலே வெள்ளைப் பூப்பு பூத்து, கார அமில நிலை 8.5க்குள் இருந்தால் உவர். 8.5க்கு மேல் போய், சோடியம் 15 சதத்துக்கு மிஞ்சி, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் இருந்தால் களர். தோல் உப்பு சோடியம் குளோரைடு என்பதால் ஒரு கண்ணி இருக்கிறது. உவராகத் தொடங்கிய நிலத்தை வெறும் நல்ல நீர் விட்டுக் கழுவினால், குளோரைடு போய்ச் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிலம் களராக மாறிவிடலாம். அதனால் மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இட்ட பிறகே கழுவ வேண்டும். ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேலாக உழுது, நான்கு விரல் உயரத்துக்கு நல்ல நீரோ மழை நீரோ தேக்கி, சில நாட்கள் வைத்து வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை. வடிந்த உப்பு நீரை அடுத்தவர் வயலில் விடக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆற்றில் வெள்ளம் போகும் நாளில் வடிப்பது குறைந்த கேடு.

அடுத்து ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். உவரையும் களரையும் தாங்கி வளரும் பசுந்தாள் இதுபோல் வேறில்லை. நெல் நடுவதானால் டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3, கோ 43 போன்ற இரகங்களை எடுத்து, சற்று முற்றிய நாற்றைக் குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து நடலாம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாகத் தேவைப்படும். பருத்தி, சூரியகாந்தி, கேழ்வரகு ஓரளவு தாங்கும். தென்னையும் சப்போட்டாவும் தாங்கும். உளுந்து, பாசிப்பயறு, அவரை, வெங்காயம், மா, எலுமிச்சை தாங்காது. மாந்தோப்பு வைக்க நினைப்பவர் கிணற்று நீரைச் சோதிக்காமல் ஒட்டுக்கன்று வாங்கக்கூடாது.

சுத்திகரிப்பு நிலையச் சேற்றை இலவச எரு என்று யாராவது வண்டியில் கொண்டுவந்தால் வாங்கக்கூடாது. அதில் தழைச்சத்து இருப்பது உண்மைதான். கூடவே வரும் குரோமியம் வயலில் ஏறினால் இறங்காது.

கிணற்று நீரின் மின் கடத்துத் திறன் 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 2.25க்கு மேல் போனால் சாதாரணப் பயிருக்கு ஆகாது. மேலே கணக்குப் போட்ட 2,100 மில்லிகிராம் தண்ணீர் சுமார் 3.3 காட்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை, சித்திரையில் கிணறு வற்றும் சமயமும் மார்கழியில் மழை ஓய்ந்த பின்பும், சோதிக்க வேண்டும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், தேதி எழுதிய சீட்டு ஒட்டி, விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்கலாம். ஒருவர் தனியாகச் செய்வதைவிட ஓர் ஓடையை ஒட்டிய பத்துப் பதினைந்து கிணற்றுக்காரர்கள் ஒரே நாளில் மாதிரி எடுப்பது நல்லது. எந்த இடத்திலிருந்து உப்பு ஏறுகிறது என்பது தாளில் தெரிந்துவிடும். அந்தச் சோதனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். நீதிமன்றக் குழுவுக்கு மனு எழுதும்போது, நிலம் கெட்டது என்று வாயால் சொல்வதைவிட, இன்ன சர்வே எண்ணில் இன்ன ஆண்டு 1.8, இன்ன ஆண்டு 3.4 என்று காட்டும் சீட்டுக்கே மதிப்பு அதிகம்.